ஜம்ப்சீட்டில் ஒன்றரை மணி நேரம்: ஒரு டிஸ்பாச்சரின் அனுபவம்

2019ஆம் ஆண்டில் தூத்துக்குடி விமான நிலையத்தின் ஓடுதளம் 1,351 மீட்டர் நீளமே இருந்தது. சென்னையின் பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர். இவ்விரண்டு எண்களையும் நாள்தோறும் கணினியில் பார்த்து, காகிதத்தில் அச்சிட்டு, விமானிகளிடம் நீட்டிக்கொண்டிருந்த எனக்கு அவை வெறும் எண்களாகவே இருந்தன. அந்த ஆண்டு ஜூலையில் ப்ரொப்பெல்லரால் பறக்கும் ஓர் ஏடிஆர் 72 விமானத்தின் காக்பிட்டில், இரண்டு விமானிகளுக்கும் பின்னால் உள்ள ஜம்ப்சீட் என்ற மடக்கு இருக்கையில் உட்கார்ந்து சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போய்த் திரும்பிய பிறகுதான், நான் தயாரிக்கும் காகிதங்கள் எப்படிப் படிக்கப்படுகின்றன, எவை படிக்கப்படாமலே போகின்றன என்பது எனக்குத் தெரிந்தது.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் துறையில் டிஸ்பாச்சர் என்பவர், விமானம் புறப்படுவதற்கு முன்னரே அதன் பாதை, உயரம், எரிபொருள், வானிலை, இறங்க முடியாமல் போனால் திரும்ப வேண்டிய மாற்று நிலையம் ஆகியவற்றை வகுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண்ணையும் வாங்கி, அனைத்தையும் ஒரு கட்டாக விமானிகளிடம் கொடுப்பவர். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் ஆறாம் இணைப்பில் இவருக்கென்று ஒரு நிபந்தனை இருக்கிறது: எந்தப் பகுதியில் பறக்கும் விமானங்களை அவர் கவனிக்கிறாரோ, அந்தப் பகுதியின் மேல் கடந்த 12 மாதங்களுக்குள் ஒருவழிப் பயணமாவது காக்பிட்டில் அமர்ந்து சென்றிருக்க வேண்டும். பலர் இதை உரிமத்தைக் காப்பாற்றுவதற்கான சடங்காகவே முடித்துக்கொள்கிறார்கள். முதல் இரண்டு முறை நானும் அப்படித்தான் செய்தேன். பெரிய ஜெட் விமானமாகப் பார்த்து, நல்ல வானிலை நாளாகப் பார்த்து, மேகங்களை வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன். இப்போது புதிதாகச் சேர்பவர்களிடம் நான் சொல்வது இதற்கு நேர் எதிரானது. உங்கள் பகுதியிலேயே மிகக் குறுகிய ஓடுதளம் எது, அங்கே காற்று பலமாக வீசும் மாதம் எது என்று பார்த்து, அந்த மாதத்தில் அந்த ஊருக்குப் போங்கள்.

அனுமதி வாங்குவது எளிதல்ல; எளிதாக இருக்கவும் கூடாது. 2001 செப்டம்பருக்குப் பிறகு காக்பிட் கதவு உலகெங்கும் பூட்டப்பட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் எவரெட்டிலிருந்து சான் பிரான்சிஸ்கோ சென்ற ஒரு பிராந்திய விமானத்தின் ஜம்ப்சீட்டில் பயணம் செய்த, பணியில் இல்லாத விமானி ஒருவர், நடுவானில் இரண்டு எஞ்சின்களின் தீயணைப்புக் கைப்பிடிகளை இழுக்க முயன்றார். விமானம் போர்ட்லாண்டில் இறக்கப்பட்டது. அதே ஆண்டில் துபாயிலிருந்து தில்லி வந்த ஒரு விமானத்தில் தோழி ஒருவரைக் காக்பிட்டுக்குள் அனுமதித்ததற்காக, நம் விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ அந்த நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, விமானியின் உரிமத்தையும் 3 மாதங்களுக்கு நிறுத்தி வைத்தது. ஆகவே, இயக்கப் பிரிவின் கடிதம், அடையாள அட்டை, பயணிகள் கணக்கில் உங்கள் பெயர் ஆகிய மூன்றும் சரியாக இருந்தாலும், கடைசிச் சொல் கேப்டனுடையது. அவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் இறங்கிவிட வேண்டும்.

அன்றைய கேப்டன் ஒரு பெண்மணி. ஏடிஆர் விமானத்தில் நீண்ட அனுபவம் உள்ளவர். தேவைக்கு மேல் ஒரு சொல் பேசாதவர். துணை விமானி இளைஞர். மூச்சுப் பரிசோதனை முடித்து வந்த இருவரிடமும் என் பிரிவு தயாரித்த கட்டைக் கொடுத்தேன். மொத்தம் 31 பக்கங்கள். எத்தனை பக்கம் என்பதை நான் அதுவரை எண்ணிப் பார்த்ததே இல்லை. அன்றைக்கு எண்ணத் தோன்றியதற்குக் காரணம், அவர்கள் அதைப் படித்த விதம். கேப்டன் முதலில் எரிபொருள் வரியைப் பார்த்தார், பிறகு தூத்துக்குடியின் காற்று, பிறகு மாற்று நிலையமான மதுரையின் வானிலை. துணை விமானி நோட்டாம் எனப்படும் விமானிகளுக்கான அறிவிப்புகளைக் கட்டைவிரலால் புரட்டிக்கொண்டே போனார். முழுக் கட்டுக்கும் ஏழெட்டு நிமிடம் ஆகியிருக்கும். இதில் அவர்கள் குறை எதுவுமில்லை. அவர்களுக்குக் கிடைப்பதே அந்த ஏழெட்டு நிமிடம்தான்.

ஏடிஆர் விமானத்தில் பயணிகள் ஏறும் கதவு வாலருகில் இருக்கிறது. காக்பிட்டுக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையில் சரக்கு அறைகள் இருப்பதால், விமானிகளும் பின்கதவால் ஏறி, இருக்கைகளின் நடுவே நடந்து, பெட்டிகள் அடுக்கிய குறுகலான வழியைத் தாண்டித்தான் தங்கள் இடத்துக்குப் போகிறார்கள். எல்லோரும் பின்னால் ஏறுவதால் வால் கனத்து மூக்கு தூக்கிக்கொள்ளும் என்பதற்காக, நிறுத்தி வைத்திருக்கும்போது வாலுக்கு அடியில் ஒரு முட்டுக்கால் கொடுத்திருப்பார்கள். எடைப் பகிர்வுத் தாளில் நான் ஒரு வளைகோடாக மட்டும் பார்த்துவந்த சமநிலை, கீழே இரும்புக் கம்பியாக நிற்பதைப் பார்த்தபோது கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஜம்ப்சீட் என்ற பெயர்தான் பெரிது. பக்கவாட்டிலிருந்து இழுத்து, வாசலை மறித்து விரிக்கும் ஒரு மடக்குப் பலகை அது. கல்யாண மண்டப நாற்காலி அதைவிடச் சுகம். அதை விரித்துவிட்டால் முன்னாலிருக்கும் இருவரும் உங்களைத் தாண்டாமல் வெளியே போக முடியாது என்பதை முதலில் மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேலும் முதுகுப் பக்கமும் சர்க்யூட் பிரேக்கர் வரிசைகள் இருப்பதால், தோள்பை, தொங்கும் அடையாள அட்டை, சட்டைப் பையில் துருத்தும் பேனா எல்லாவற்றையும் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டே உட்கார வேண்டும். எழும்போது தடுமாறினால் கைக்கு முதலில் அகப்படுவது இரு விமானிகளுக்கும் நடுவே உள்ள விசைமேடைதான். அதைப் பிடிக்கக் கூடாது. இருக்கையின் முதுகைப் பிடியுங்கள், அல்லது தடுமாறியே விழுங்கள். கழிவறை வாலருகில் இருப்பதாலும், நடுவானில் கதவைத் திறப்பது ஒரு தனிச் சடங்கு என்பதாலும், ஏறுவதற்கு முன்பே அந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. காலையில் பொங்கல் வடை வேண்டாம். இரண்டு இட்லி போதும். இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது.

கேப்டன் எனக்குக் கொடுத்த விளக்கம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பெல்ட்டை எப்படி ஒரே திருப்பில் கழற்றுவது, ஆக்ஸிஜன் முகமூடி எங்கே, கூரையில் இருக்கும் அவசரத் திறப்பு எது, அதற்கான கயிறு எங்கே என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினார். நாங்கள் வெளியேறச் சொன்னால் முதலில் போக வேண்டியவர் நீங்கள், ஏனென்றால் வழியை அடைத்துக்கொண்டிருப்பவர் நீங்கள் என்றார். ஹெட்செட்டை மாட்டிவிட்டு, இதில் நீங்கள் பேசுவது குரல் பதிவுக் கருவியிலும் பதிவாகும் என்று நினைவூட்டினார். கடைசியாக, “10,000 அடிக்குக் கீழே பேச்சு வேண்டாம். ஆனால் நாங்கள் பார்க்காத ஒன்றை நீங்கள் பார்த்துவிட்டால், எத்தனை அடியாக இருந்தாலும் உடனே சொல்லுங்கள். சொல்லலாமா என்று யோசிக்க வேண்டாம்” என்றார்.

முதல் பாதி எனக்குத் தெரிந்த விதி. 1974இல் அமெரிக்காவின் ஷார்லட் நகரில் டிசி-9 விமானம் ஒன்று இறங்கும் நேரத்தில் விமானிகள் வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சில் இருந்து விபத்துக்குள்ளானதன் விளைவாக, 1981இல் அங்கே சட்டமாகி, பிறகு உலகெங்கும் பரவியது அது. இரண்டாம் பாதி எனக்குப் புதிது. அது ஏன் என்று பின்னால் அவரே சொன்னார். 2018 அக்டோபர் 28 அன்று இந்தோனேசியாவில் பாலியிலிருந்து ஜகார்த்தா சென்ற போயிங் 737 மேக்ஸ் விமானத்தின் மூக்கு தானாகவே கீழே இழுத்துக்கொண்டது. அந்தக் காக்பிட்டில் மூன்றாவதாக ஒரு விமானி ஜம்ப்சீட்டில் இருந்தார், விமானமும் பத்திரமாக இறங்கியது. மறுநாள் அதே விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அதைச் சமாளிக்க அந்த மூன்றாவது ஆள் உதவினார் என்று 2019 மார்ச் மாதம்தான் செய்திகள் வந்திருந்தன; விமானிகளிடையே அதுவே பேச்சாக இருந்தது.

புறப்பாட்டில் ஒரு காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் சிறு சக்கரம் ஏடிஆரில் கேப்டன் பக்கம் மட்டுமே உண்டு. ஓடத் தொடங்கும்போது அவருடைய இடது கை அதன்மேல் இருக்கிறது. முன்னாலுள்ள பெரிய கட்டுப்பாட்டுத் தண்டைத் துணை விமானி பிடித்திருக்கிறார். வேகம் ஏறி, துணை விமானி “70 நாட்” (மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர்) என்று சொன்ன நொடியில் அந்த இடது கை சிறு சக்கரத்தை விட்டுவிட்டுத் தண்டுக்குத் தாவுகிறது. துணை விமானியின் கை விலகுகிறது. ஒரு கை விடுவதற்கும் இன்னொரு கை பிடிப்பதற்கும் இடையில் கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. இருவர் சேர்ந்து ஒரு பானையை அடுப்பிலிருந்து இறக்குவதைப் போல, பேச்சே தேவையில்லாத ஒழுங்கு அது.

16,000 அடியில் விமானம் நிலைகொண்டது. வலப்புறத்திலிருந்து வந்த மேற்குக் காற்றுக்கு ஈடுகொடுக்க மூக்கைச் சற்று வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, கொஞ்சம் பக்கவாட்டாகவே தெற்கு நோக்கி நகர்ந்தோம். கீழே காவிரிப் படுகை தெரியத் தொடங்கியபோது காபி வந்தது. துணை விமானி இறங்குவதற்கான குறிப்புகளைச் சொல்ல ஆரம்பித்தார்: தூத்துக்குடியில் 28ஆம் எண் ஓடுதளம், கடல் பக்கமிருந்து மேற்கு நோக்கி இறக்கம், காற்று 22 நாட், வீச்சு 32 நாட் வரை. கிட்டத்தட்ட நேரெதிர்க் காற்று என்பதால் குறுகிய ஓடுதளத்துக்கு அது துணைதான். எல்லாம் சொல்லி முடித்தார். ஆனால் நான் எதிர்பார்த்த ஒரு விஷயத்தை அவர் சொல்லவில்லை.

ஓடுதளத்தின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாக நான்கு விளக்குகள் இருக்கும். இரண்டு சிவப்பு, இரண்டு வெள்ளை என்று தெரிந்தால் இறங்கும் சரிவு சரி. சிவப்பு கூடினால் தாழ்வு, வெள்ளை கூடினால் உயரம். பாப்பி என்று அழைக்கப்படும் அந்த விளக்குகள், முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பராமரிப்புக்காக அன்று சில மணி நேரம் அணைக்கப்பட்டிருக்கும் என்று ஒரு நோட்டாம் இருந்தது. காலையில் கட்டைத் தயாரிக்கும்போது அதை நான் படித்திருந்தேன். அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும்: 17ஆம் பக்கம். அதற்கு மேலே நாங்கள் பறக்கவே போகாத வான்பகுதிகளைப் பற்றிய அறிவிப்புகள். கீழே எப்போதோ தொடங்கி எப்போதோ முடியப்போகும் கட்டுமானக் கோபுரங்களின் உயரங்கள்.

சொல்லலாமா வேண்டாமா என்று நான் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர்களுக்குத் தெரியாமலா இருக்கும், நாம் குறுக்கே பேசினால் அதிகப்பிரசங்கி என்று நினைப்பார்களோ என்ற எண்ணம், தெளிவாக அனுமதி கொடுக்கப்பட்ட பிறகும் தலைதூக்கியது. ஒரு நிமிடத்துக்கும் மேலாக அப்படியே இருந்திருப்பேன். பிறகு, “மேடம், இன்று தூத்துக்குடியில் பாப்பி இருக்காது என்று ஒரு நோட்டாம் உண்டு. 17ஆம் பக்கம்” என்றேன். கேப்டன் திரும்பிப் பார்க்கவில்லை. துணை விமானியைப் பார்த்தார். அவர் கட்டை எடுத்துப் புரட்டி, அந்த வரியைக் கண்டுபிடித்து, பேனாவால் வட்டமிட்டார். “நன்றி. இன்னொரு முறை முதலிலிருந்து பேசிவிடுவோம்” என்றார் கேப்டன். விளக்குகள் இல்லாமல் ஒரு கடல் மைலுக்கு ஏறக்குறைய 300 அடி என்ற கணக்கில் தூரத்தையும் உயரத்தையும் துணை விமானி உரக்கச் சொல்லிக்கொண்டு வர வேண்டும் என்றும், 500 அடியில் ஏதாவது பிசகினால் கேள்வி கேட்காமல் மேலே கிளம்பிவிடுவது என்றும் முடிவு செய்தார்கள்.

பாப்பி இல்லாவிட்டால் ஏடிஆரை இறக்க முடியாது என்பதில்லை. அன்றைய வெளிச்சத்தில் அனுபவமுள்ள ஒரு கேப்டனுக்கு அது பெரிய காரியமும் அல்ல. ஆனால் 1,351 மீட்டரில் சற்று உயரமாக வந்து தள்ளித் தொட்டால், மீதமிருக்கும் தூரம் வேகமாகக் கரைந்துவிடும். இல்லாத விளக்கைக் கடைசி இரண்டு மைலில் தேடுவதற்கும், அது இருக்காது என்று முன்பே தெரிந்து வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த இருக்கையில் இருந்தால்தான் உணர முடியும். கடற்கரையைக் கடந்து உப்பளங்களின் மேல் வந்ததும் விமானம் உலுக்கத் தொடங்கியது. பாத்திகளின் வெள்ளையும் சாம்பலும் கண்ணாடியில் மேலும் கீழுமாக ஆடின. அந்த ஆட்டத்துக்கு நடுவே துணை விமானியின் குரல் மட்டும் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது: “3 மைல், 1,000 அடி. சரி.” கேப்டனின் கைகள் ஓயாமல் சின்னச் சின்னதாக அசைந்துகொண்டே இருந்தன, ஓடுதளமோ கண்ணாடியில் ஒரே இடத்தில் ஒட்டியதுபோல் நின்றது. தொட்டோம். விசைத்தண்டுகள் பின்னால் வந்தன. இரண்டு சிறு விளக்குகள் எரிந்ததைப் பார்த்துத் துணை விமானி குரல் கொடுத்த பிறகே, கேப்டன் ப்ரொப்பெல்லர்களின் இலைகளைத் திருப்பி விமானத்தைப் பின்னுக்கு இழுத்தார். பெல்ட் என் தோளில் அழுந்தியது. மீதித் தூரம் எவ்வளவு இருந்தது என்று பார்க்க மறந்துவிட்டேன். அதைப் பார்க்கத்தானே போனேன்!

தூத்துக்குடியில் நின்ற நேரத்தில் இன்னொன்று கற்றேன். ஏடிஆரில் தரையில் மின்சாரமும் குளிர்காற்றும் கொடுக்கும் தனித் துணை எஞ்சின் கிடையாது. அதற்குப் பதிலாக வலப்பக்க எஞ்சினை ஓடவிட்டு, அதன் ப்ரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி வைப்பார்கள். இதற்கு ஹோட்டல் மோட் என்று பெயர். பின்னாலிருந்து காற்று பலமாக அடித்தால் எஞ்சினின் சூடான புகை முன்னால் திரும்பும் என்பதால் அதைப் பயன்படுத்தக் கூடாது. அன்று விமானம் நின்ற திசைக்கு மேற்குக் காற்று பின்காற்றாக அமைந்தது. எஞ்சின் அணைக்கப்பட்டது, உள்ளே புழுக்கம் ஏறியது, ஏறிய பயணிகள் பாதுகாப்பு அட்டைகளை விசிறியாக்கிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் பணிப்பெண்ணிடம், “ஏசி போட்டா காசு கூடவாம்மா?” என்று கேட்டது காக்பிட் வரை கேட்டது. வண்டி நிற்கும் திசையையும் காற்றின் திசையையும் சேர்த்துப் பார்த்து, அன்றைய தரை ஏற்பாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டியது என் மேசையின் வேலைதான் என்று அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

திரும்பும்போது விமானத்தை ஓட்டியவர் துணை விமானி. சென்னையில் அவர் தரையிறக்கி, வேகம் 70 நாட்டுக்கு இறங்கியதும், கேப்டனின் இடது கை மறுபடியும் அந்தச் சிறு சக்கரத்துக்குப் போனது.

இறங்கும் முன் கேப்டன் கட்டை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவு உட்கார்ந்து பார்த்தேன். 31 பக்கங்களில் பேனா பட்டிருந்தவை நான்கே நான்கு. எரிபொருள் வரி, இரண்டு ஊர்களின் காற்று, மதுரையின் மேகமட்டம், 17ஆம் பக்கத்தின் வட்டம். இதே போன்ற ஒரு கட்டைப் பற்றி நான் படித்திருந்தது அப்போது நினைவுக்கு வந்தது. 2017 ஜூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஏர் கனடா விமானம் ஒன்று, ஓடுதளம் என்று நினைத்து, நான்கு விமானங்கள் வரிசையில் காத்திருந்த பக்கப்பாதையை நோக்கி இறங்கி, தரையிலிருந்து ஏறத்தாழ 60 அடி வரை வந்து மேலே கிளம்பியது. பக்கத்து ஓடுதளம் அன்றிரவு மூடப்பட்டிருந்தது என்ற அறிவிப்பு அவர்களுடைய 27 பக்கக் கட்டில் 8ஆம் பக்கத்தில் இருந்ததாக விசாரணை அறிக்கை சொன்னது. அதைப் படித்தபோது விமானிகள் கவனக்குறைவாக இருந்திருக்கிறார்கள் என்று நினைத்தவன் நான். 17ஆம் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி நினைக்க முடியவில்லை.

அடுத்த பணிநாளிலிருந்து கட்டின் மேல் கையெழுத்தாகவே ஒரு தாள் வைக்கத் தொடங்கினேன். இறங்கப்போகும் ஊரில் இன்று வழக்கத்துக்கு மாறாக என்ன இருக்கிறது என்பது மட்டும் அதில் இருக்கும். ஐந்து வரிக்கு மேல் எழுதுவதில்லை. எழுத ஒன்றுமில்லாத நாளில் ஒன்றுமில்லை என்றே எழுதுவேன், ஏனென்றால் வெற்றுத்தாள் மறந்துபோனதாகவும் இருக்கலாம். முழுக் கட்டும் பின்னால் அப்படியே இருக்கும். சட்டப்படி அது வேண்டும். பிரிவில் சிலர், விமானிகள் உன் தாளை மட்டும் படித்துவிட்டு மீதியை விட்டுவிட்டால் பொறுப்பு யாருடையது என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதனால் ஒவ்வொரு வரிக்கும் எதிரே அதன் பக்க எண்ணையும் போட்டேன். படிப்பவர் பேனாவோடு அந்தப் பக்கத்துக்குப் போகட்டும் என்று.

இரண்டு வாரம் கழித்து அதே கேப்டனுக்கு மீண்டும் தூத்துக்குடிப் பயணம் வந்தது. என் தாளைப் படித்துவிட்டுக் கீழிருந்து தொலைபேசியில் அழைத்தார். “நன்றாக இருக்கிறது. ஆறாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். இன்று அங்கே நம்மை எந்தப் பக்கம் பார்த்து நிறுத்தப் போகிறார்கள்?” என்று கேட்டார். நான் தூத்துக்குடி எண்ணைச் சுழற்றினேன்.